எட்டாம் வகுப்புச் சான்றை விலைக்கு வாங்காதீர்கள்!

(தாராவியில் கூடிய ஓட்டுநர் குடும்பங்களிடையே நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர்கள் நாம். நம்மில் பலர் பாதியிலேயே பள்ளியை விட்டவர்கள். கிளீனராக லாரியில் ஏறி, ஸ்டியரிங் பிடிக்கக் கற்றோம். கையில் தொழில் இருந்தது, காகிதம்தான் இல்லை.

சரக்கு வண்டியோ வாடகை வண்டியோ ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 8-ஆவது விதி. மேவாத் பகுதியின் ஏழை ஓட்டுநர்களுக்காக அரியானா அரசு முறையிட்டது. 2019 ஜூனில் அந்த விதியை எடுப்பதாக மத்திய அரசு அறிவித்தது. செப்டம்பரில் எடுத்தே விட்டது.

ஆயினும் சென்ற மாதம் நம் தெருத் தம்பி ஒருவர் பள்ளிச் சான்றுக்கென்று ஒரு ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டு வந்து நின்றார். கேட்கப்படாத காகிதத்துக்கு, அதுவும் போலிக்கு, வட்டிக்கு வாங்கிய பணம்! மோசடியாகப் பெற்ற லைசன்ஸை ரத்து செய்யச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. பணமும் போய், பிழைப்பும் போக வேண்டுமா?

சட்டம் உண்மையில் கேட்பது என்ன? கனரக வண்டிக்கு வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். இலகு ரக லைசன்ஸ் வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். டாக்டர் தரும் 1-ஏ படிவமும், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பள்ளியின் பயிற்சிச் சான்றும் வேண்டும். பிறகு ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். அவ்வளவுதான். இங்கே வாங்கும் லைசன்ஸ் இந்தியா முழுவதும் செல்லும்.

சின்ன டெம்போ ஓட்டுபவர்களுக்கு இன்னொரு செய்தி. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டியை இலகு ரக லைசன்ஸோடு ஓட்டலாம். தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தனி அனுமதி இல்லையென்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்த வழக்குகளிலிருந்து பிறந்த தீர்ப்பு இது. ஆட்டோ, டாக்சிக்கான பேட்ஜ் மாநில விதியைச் சேர்ந்தது. அதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாகனத் தொழில் லைசன்ஸ் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். காலம் முடிந்தபின் முன்பு 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அதுவும் போயிற்று. முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க மனுச் செய்யலாம். முடிந்து ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற நேரும். காலாவதியான லைசன்ஸோடு விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுப் பணத்தை முதலாளியிடம் கம்பெனி திருப்பிக் கேட்கும். முதலாளி பழியை நம் தலையில் போடுவார். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் இந்த விதிகளையும் கட்டணத்தையும் நமக்குப் புரியும் மொழிகளில் எழுதி வைக்கக் கோருவோம். எழுத்தறியாதவருக்குச் சாலைக் குறிகளைச் சங்கமே சொல்லித் தரும்.

பள்ளிக்கூடம் நமக்குக் கிடைக்காதது நம் குற்றமல்ல. நம் பிள்ளைகளுக்கும் அது கிடைக்காமல் போனால், அது நம் குற்றமாகும்.