பஞ்சு எடுக்கப் போன ரோபோ

‘நாளைய தொழிற்சாலையை நடத்தப் போவது கம்ப்யூட்டரா, மனிதனா?’ என்ற தலைப்பிலே, மனிதனே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி அழகாப் பேசினார். மிஷினிலே சென்சார் இருக்கு, வேகத்தையும் சூட்டையும் அளந்து சொல்லுது, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு மோட்டாரைத் திருத்துது, அப்புறம் மனுஷன் எதுக்குன்னு கேட்டார். ஐயா, நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டியும் சூடு ஏறினா தானா அணையுது, ஆறினா தானா எரியுது. ஆனா பட்டுப்புடவையா பருத்தி வேட்டியான்னு பார்த்து அந்தத் திருகைத் திருப்பினது யாரு? (சிரிப்பு)

கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு நிழல் தொழிற்சாலை கட்டி, அதிலே ஓட்டிப் பார்த்துட்டு நிஜத்திலே ஓட்டலாம்னார். நல்ல விஷயம், மறுக்கலை. ஆனா நாம சொல்லிக் கொடுத்ததுதானே அந்த நிழலுக்குத் தெரியும்?

அமெரிக்காவிலே டெஸ்லா கம்பெனி ‘மாடல் 3’ மின்சாரக் காரைத் தயாரிச்சப்போ, முடிஞ்சதை எல்லாம் ரோபோகிட்ட விட்டாங்க. பேட்டரிப் பெட்டி மேலே கண்ணாடி இழைப் பாய் ஒண்ணு ஒட்டணும். பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கும். அதை எடுத்து வைக்க ஒரு ரோபோ; அதுக்குக் கேமராக் கண்ணு வேற! இரும்பைத் தூக்குற ஜாதிக்குப் பஞ்சு பிடிபடலை நடுவர் அவர்களே. சில சமயம் எடுக்காது. எடுத்தா எங்கேயாவது வெக்கும். வேலை நின்னு நின்னு போச்சு. கடைசியிலே முதலாளி எலான் மஸ்க், ‘இந்தப் பாய் வேணுமா?’ன்னு கேட்டார். பாயோட ஒரு கார், பாயில்லாம ஒரு கார் சோதிச்சாங்க. உள்ளே கேக்கற சத்தத்திலே வித்தியாசமே இல்லை! (கைதட்டல்)

சரியா வெச்சேனான்னு ரோபோ ஆயிரம் தடவை பார்க்கும். வெக்கணுமான்னு ஒரு தடவை கேக்குமா? அளவுக்கு மீறி ரோபோவை நம்பியது தப்பு, மனுஷனைக் குறைவா எடை போட்டுட்டோம்னு 2018 ஏப்ரலிலே அவரே ஒத்துக்கிட்டார். எதிரணித் தலைவரே எங்க அணிக்கு வந்துட்டார்! (சிரிப்பு)

1924-லேயே ஜப்பானிலே சாகிச்சி டொயோடா ஒரு தானியங்கித் தறி செஞ்சார். இழை அறுந்தா அதுவா நின்னுடும். நிக்கத்தான் தெரியும், முடிச்சுப் போட ஆள் வரணும். அவர் மகன் தொடங்கின டொயோட்டா கார்த் தொழிற்சாலையிலே, கோளாறைப் பார்த்த சாதாரணத் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தா மேற்பார்வையாளர் ஓடி வருவார். சரியாகலைன்னா வேலையே நிக்கும்.

எதிரணிக்கு ஒரே கேள்வி. நீங்க கட்டப் போற தொழிற்சாலையிலே அந்தக் கயிறு யார் கையிலே இருக்கும்? அடுத்து வர்ற தம்பி பதில் சொல்லட்டும்.