தானே வாசிக்கட்டும்
(பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது மாலை வகுப்பில் ஒரு சிறுவன் பாடம் முழுவதையும் தங்குதடையின்றி ஒப்புவித்தான். மகிழ்ந்தோம். நடுவிலிருந்த ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டோம், விழித்தான். அவன் வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்திருந்தான். குற்றம் அவனுடையதன்று, அவசரப்பட்ட நம்முடையது.

தமிழ் எழுத்து 247 என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18 ஆகியவற்றின் ஓசையும், துணைக்கால், கொம்பு முதலிய குறிகளும் பிடிபட்டால், உயிர்மெய்களைப் பிள்ளை தானே கூட்டிப் படிக்கும். உகர, ஊகார வரிசைகளில் வடிவம் மாறுவதால் அவற்றிற்கு மட்டும் சற்று நாளாகும்.

1907இல் உரோமையில் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவிப் பழகச் செய்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகம் உண்டு என்பதே அவர் கண்ட உண்மை.

ஆகவே, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதிருப்போம். நாள்தோறும் பத்து நிமிடம் அருகில் அமர்வோம். தடுமாறினால் உடனே சொல்லிக் கொடுக்காமல், சற்றுப் பொறுத்திருப்போம்.

அச்சிறுவன் ஆறு மாதம் கழித்து, பேருந்தின் பெயர்ப் பலகையைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தான். அன்று அவன் முகத்தில் கண்ட மலர்ச்சியே நமக்குப் பாடம்.