பன்னிரண்டே படங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேச, கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டு மகிழ்ந்தவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் ஆபீசில் ரசீது எழுதும் குமாஸ்தாவாகிய என்னை இன்று பேச அழைத்தமைக்கு என் கல்வி காரணமன்று. என் தோளில் தொங்கும் இந்தக் காமிராவே காரணம். "கைப்பேசியிலேயே ஆயிரம் படம் எடுக்கலாமே, இந்தக் கிழட்டுப் பெட்டியை ஏன் சுமந்து திரிகிறீர்?" என்று நம் செயலாளர் அவர்கள் பலமுறை கேட்டார். அவருக்குத் தனியே சொன்ன விடையை அவையோர்க்கும் சொல்லுமாறு பணித்துவிட்டார். அவருக்குச் சொல்லாமல் விட்ட செய்தியொன்றும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

என் தந்தையார் இவ்வூர் கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராகப் பணியாற்றியவர். எங்கள் வீட்டில் இருந்த ஆடம்பரப் பொருள் ஒன்றே ஒன்று. அது பரோடாவில் செய்யப்பட்ட ஆக்பா கிளிக் காமிரா. பொங்கலுக்கு ஒரு சுருள், ஊருக்குப் போகும்போது ஒரு சுருள், ஆக ஆண்டுக்கு இரண்டு சுருள்கள்தாம். காமிராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சிறு துவாரம் இருக்கும். பிலிமின் பின்னே ஒட்டி வரும் காகிதத்தில் அச்சிட்ட எண் அத்துவாரத்தில் தெரியும் வரையில் குமிழைத் திருக வேண்டும். அவ்வாறு திருகும் உரிமை எனக்கு எட்டு வயதில் வழங்கப்பட்டது. அன்று நான் அடைந்த பெருமையைப் பின்னர் எந்தப் பதவி உயர்விலும் அடைந்ததில்லை!

2001ஆம் ஆண்டில் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு இவ்வேலை கிடைத்தது. காமிரா பீரோவின் மேல்தட்டுக்குப் போயிற்று. பிறகு டிஜிட்டல் காமிரா வந்தது, கைப்பேசி வந்தது. எல்லோரையும் போல நானும் மாறினேன். அதனைக் குறை கூற மாட்டேன். இங்கே நடக்கும் சீமந்தத்தைத் திருநெல்வேலியில் இருக்கும் பாட்டி அந்த நிமிடமே பார்க்கிறாள் என்றால் அது சிறிய காரியமா?

2019ஆம் ஆண்டு வீடு மாற்றியபோது காமிரா கீழே இறங்கிற்று. இதற்கு இன்னும் பிலிம் கிடைக்குமா என்று விசாரித்தபோதுதான் எனக்கு வியப்புக் காத்திருந்தது. இந்தக் காமிராவில் போடும் பிலிமுக்கு 120 என்று பெயர். கோடக் கம்பெனியார் தங்கள் பிரௌனி பெட்டிக் காமிராவுக்காக 1901ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவு அது. இன்றும் இங்கிலாந்தில் இல்போர்டு, அமெரிக்காவில் கோடக், செக் நாட்டில் போமா ஆகியோர் அதே அளவில் செய்கிறார்கள். ரயில்வேக் குடும்பத்தினராகிய உங்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அகலப் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். அது மாறாத வரையில் பழைய வண்டியும் அதன்மீது ஓடும். பிலிமின் அகலமும் அத்தகைய தண்டவாளமே. அது மாறாததால் நூறாண்டுக்கு முந்திய காமிராவும் இன்று வேலை செய்கிறது. என் பழைய கைப்பேசியின் சார்ஜரோ அடுத்த கைப்பேசிக்கே பொருந்தவில்லை!

கிளிக்கில் நான்கு சுருள் எடுத்தேன். ஆசை பெருகிற்று. ஹௌராவுக்கு ரயிலேறி, கல்கத்தா எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்தில் காமிராக் கடைகளைச் சுற்றி வந்து, இதோ இந்த யாஷிகா மாட் 124 ஜி என்னும் இரட்டை லென்ஸ் காமிராவை வாங்கினேன். 1970 முதல் 1986 வரை ஜப்பானில் செய்யப்பட்டது. ஜெர்மானியர் 1929இல் கொண்டுவந்த ரோலிபிளெக்ஸ் இதற்குப் பாட்டன் முறை. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. வயிற்றருகே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்த்தால், கண்ணாடித் தட்டில் எதிரிலிருப்பவர் நேராகவே தெரிவார். ஆனால் இடம் வலமாகும், வலம் இடமாகும். அவர் இடப்புறம் நகர்ந்தால் நம் கை தவறான திசையில் ஓடும். பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இதில் ஒரு நன்மையும் உண்டு. முகத்துக்கு நேரே கருவியை நீட்டாமல் தலை குனிந்து நிற்கிறோம் அன்றோ? வயதானவர்கள் அதனை வணக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் முகம் இளகிவிடுகிறது.

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், பதின்மூன்றாவது கிடையாது. சென்ற முறை ஒரு சுருள் 800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கழுவும் மருந்துச் செலவை விட்டுவிட்டாலும் ஒருமுறை விசையை அழுத்தினால் 67 ரூபாய். குமாஸ்தாவின் விரல் தானாகவே நிதானமடையும்! சதுரப் படம் ஒவ்வொரு பக்கமும் 56 மில்லிமீட்டர். சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமின் படத்தைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமான பரப்பு. பெரிதாக்கினால் கதர்த் துண்டின் இழையும் தெரியும். இந்தக் காமிராவின் ஒளி அளக்கும் முள்ளை நான் நம்புவதில்லை. அதற்குரிய பாதரசப் பாட்டரி இப்போது கடையில் கிடையாது. பழைய வாய்பாடே போதும். நல்ல வெயிலில் துளையைப் பதினாறில் வைத்து, பிலிமின் வேகம் 400 ஆனால் ஷட்டரை ஐந்நூற்றில் ஒரு விநாடியில் வைக்கலாம். திண்ணை நிழலுக்கு வந்தால் துளையை மூன்று படி திறக்க வேண்டும்.

தமிழராகிய நமக்கு இக்கலையில் ஒரு பங்கு இருந்ததையும் சொல்ல வேண்டும். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. உலகம் வண்ணப் பிலிமுக்கும், பின்னர் பிலிமே வேண்டாத முறைக்கும் மாறியபோது அத்தொழிற்சாலை நலிந்து, இறுதியில் மூடப்பட்டது. கல்கத்தாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய போர்ன் அண்டு ஷெப்பர்டு ஸ்டூடியோவும் அப்படியே. 1991இல் தீ விபத்தில் பெரும் சேதமுற்று, 2016இல் கதவை அடைத்தது.

ஊரில் கழுவித் தருவார் இல்லாமையால் நானே கழுவக் கற்றேன். குளியலறைதான் என் இருட்டறை. இருளில் பிலிமைச் சுற்றி டப்பாவில் அடைத்தபின் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். முதலில் டெவலப்பரை ஊற்ற வேண்டும். ஒளிபட்ட வெள்ளி உப்பை அது கருவெள்ளியாக்கும். கொஞ்சம் பொறுத்து அதனைக் கொட்டிவிட்டு ஹைப்போவை ஊற்ற வேண்டும். மிஞ்சிய உப்பை அது கரைத்துவிடும். மருந்து 20 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டுமென்பது விதி. இவ்வூர் மே மாதத்துக் குழாய்த் தண்ணீரில் அதற்கு ஐஸ் கட்டி வேண்டும். வீட்டில் மோருக்கு வைத்த ஐஸை எடுத்து வசவு வாங்கியதும் உண்டு.

இனி, சொல்லாமல் விட்ட செய்திக்கு வருகிறேன்.

நம் டீச்சரம்மாவை இங்குள்ளோர் யாவரும் அறிவீர்கள். இதே மண்டபத்தில் ஞாயிறுதோறும் பாய் விரித்து, இந்தியும் வங்காளியும் பேசித் திரிந்த எங்களுக்கு அகரம் கற்பித்தவர். இவ்வுரையை நான் தமிழில் எழுத முடிவதும் அவரால்தான். 2022ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த ஞாயிறன்று அவரைப் படமெடுக்க அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றேன். அரக்குப் பட்டுப் புடைவை உடுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். "எத்தனை எடுப்பாய் தம்பி?" என்றார். "மூன்று, டீச்சரம்மா" என்றேன். "அப்படியானால் மூன்றுக்கும் ஒழுங்காக உட்காருகிறேன்" என்று நிமிர்ந்து அமர்ந்தார். கைப்பேசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் அவர். அன்று கண்ணாடித் தட்டில் அவர் என்னை நேராகப் பார்த்தார். வகுப்பில் தவறாக எழுதியவனைப் பார்க்கும் அதே பார்வை.

அன்றிரவு இரட்டைப் பணி முடித்து வந்து தூக்கக் கலக்கத்தில் சுருளைக் கழுவினேன். இரண்டு மருந்தும் ஒரே மாதிரியான பழுப்புப் புட்டிகளில் இருந்தன, பெயர் எழுதவில்லை. டப்பாவைத் திறந்து சுருளைத் தூக்கினால் கண்ணாடி போல் வெறுமையாக இருந்தது. பிலிமின் ஓரத்தில் கம்பெனியார் இட்ட எழுத்தும் எண்ணுங்கூட இல்லை. ஓர எழுத்து இருந்து படம் இல்லாவிட்டால் காமிராவின் பிழை. ஓர எழுத்தும் இல்லையென்றால் கழுவியவனின் பிழை. ஹைப்போவை முதலில் ஊற்றிவிட்டேன். பன்னிரண்டு படமும் சாக்கடையில் போயின.

அடுத்த நாளே சென்று உண்மையைச் சொல்லி, மீண்டும் உட்காரச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எனக்கு வெட்கம். சங்கத்தில் கண்டபோது, "படம் வந்ததா?" என்றார். "கல்கத்தாவுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்றேன். மாசியில் மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். பங்குனியில் மகளார் வீட்டுக்குச் சென்றவர் திரும்பவில்லை. பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குச் சென்றேன். ஏதோ கல்யாணப் பந்தியில் கைப்பேசியால் எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி மாலை சூட்டியிருந்தார்கள். பாதி திரும்பிய முகம். அவர் மகளார் இன்று இந்த அவையில் இருக்கிறார். நேற்று மாலை அவரிடம் முழுவதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்து, "அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றார். மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்கள் என்றார்.

இப்போது என் இரு புட்டிகளிலும் பட்டையான எழுத்தில் ஒன்றில் 'முன்' என்றும் மற்றதில் 'பின்' என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்பர்களே, வருகிற ஞாயிறு காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை சங்கத்தின் வடக்குத் தாழ்வாரத்தில் காமிராவோடு இருப்பேன். அங்கு நிழல் அப்போது நன்றாக விழும். இரண்டு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு படமாக இருபத்து நால்வர். எழுபது வயது கடந்தவர்களுக்கு முதலிடம். பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். படம் கெட்டுப்போனால் மறுநாளே உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவேன்.