நீர் செல்லும் வழி
(ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)

 

யமன் நாட்டு மஃரிப் அணையின் நீரால் செழித்து வாழ்ந்த ஸபா மக்கள், நன்றி மறந்தபோது பெருவெள்ளத்தால் அழிந்த செய்தியை அல்லாஹ் திருக்குர்ஆனில் கூறுகின்றான். அதனை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். ஆயினும் 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 45 மதகுகளுள் 9 இடிந்து வெள்ளத்தோடு போன செய்தி வந்தபோதுதான், அவ்வரலாறு நம் வாசலுக்கே வந்தது போலிருந்தது.

ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1830களில் கட்டிய அணை அது. பாசனத்திற்குக் காவிரி, வெள்ளத்திற்குக் கொள்ளிடம், இரண்டிற்கும் நடுவே ஸ்ரீரங்கம் என்பதே ஏற்பாடு. கல்லணையிலும் மிகுதிநீர் கொள்ளிடத்திற்கே திருப்பப்படுகிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். வறண்ட மணற்பரப்பைக் கண்டு, 'வீணாகக் கிடக்கிறதே' என்று எண்ணுவோர் உண்டு. அது வீணன்று, வெள்ளத்திற்குரிய இடம். மணல் அள்ளியதே இடிவுக்குக் காரணம் என்றனர் விவசாயிகள். அரசு அதனை மறுத்தது. பின்னர் புதிய கதவணை எழுந்துவிட்டது.

பேரணைகளைக் காப்பது அரசின் கடமை. ஆனால் 2005இல் நம் நகரின் பல தெருக்களை மூழ்கடித்தவை கோரையாறும் குடமுருட்டியும் அல்லவா? சிற்றாறுகளும் வாய்க்கால்களும் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளவை.

சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், நம் மஹல்லாவை ஒட்டிய வாய்க்கால் மதகில் குர்பானிக் கழிவு மூட்டைகள் அடைத்து நின்றதைக் கண்டோம். வலீமா விருந்தின் இலைகளும் பிளாஸ்டிக் டம்ளர்களும் அங்கேதான் கிடந்தன. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நீரின் பாதையும் பாதையே என்று நாம் கருதுகிறோம். இங்கே மறித்த நீர் பள்ளத்துக் குடிசைகளில்தான் புகும். அவர்கள் எம்மதத்தவராயினும் நம் அண்டை வீட்டாரே.

இன்னொன்று. பள்ளிவாசலில் நாம் உளூச் செய்யும் இடத்தின் பின்சுவர் ஓடைக்குள் நீண்டிருப்பதாக ஒரு பெரியவர் நம்மிடம் கூறினார். நூல் பிடித்து அளந்தோம். ஒன்றரை அடி உண்மையிலேயே நீண்டிருக்கிறது. சுவரைக் கட்டியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கட்டினார்கள். அவர்களுக்காக துஆச் செய்வோம். ஆனால் ஐப்பசி மழைக்கு முன் அதனை இடித்து உள்ளே தள்ளிக் கட்ட நிர்வாகக் குழுவினர் இசைய வேண்டுகிறோம். அதன் பின்பே, ஓடைமீது படிக்கட்டு கட்டியிருக்கும் நம்மவர் வாசலுக்குச் சென்று பேச நமக்கு முகமிருக்கும்.