வயிற்றெரிவும் ஒரு சிறு கிருமியும்



ஆசிரியர் ஓய்வறைகளிலே மழைக்கு அடுத்தபடியாக மிகுதியும் பேசப்படும் பொருள் 'கஸ்ரிக்' என்பதே. நெஞ்செரிவு, புளியேப்பம், உணவின் பின் பொருமல், நள்ளிரவு வயிற்றுநோவு ஆகிய யாவற்றிற்கும் நாம் இட்டுள்ள ஒரே பெயர் அது. பெயரிட்டவுடன் நோயையும் அறிந்துவிட்டதாக எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்கிறோம். யான் மருத்துவன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும் பெயரை அறிதல் வேறு, பொருளை அறிதல் வேறு என்பது எத்துறைக்கும் பொது. நம் சித்த மருத்துவர் குன்மம் என்ற ஒரு பெயரோடு நில்லாது, அதனை எட்டு வகையாகப் பகுத்தனர் அன்றோ?

மேலைநாட்டு மருத்துவமும் நெடுங்காலம் மனக்கவலையும் மிகை அமிலமுமே இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் என்று நம்பியிருந்தது. அந்நம்பிக்கையை அசைத்தவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்து மருத்துவர் இருவர். 1979 ஆம் ஆண்டில் றொபின் வொறன், இரைப்பை இழையத் துணுக்குகளை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது வளைந்த பற்றீரியாக்களைக் கண்டார். இரைப்பையின் அமிலத்தில் கிருமி வாழாது என்பதே அந்நாளைய பாடம். பரி மார்ஷல் அவருடன் சேர்ந்து அவற்றை வளர்க்க முயன்றார். பல முயற்சிகள் தோற்றன. 1982 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், இரண்டு நாளில் எறியப்படவேண்டிய தட்டுகள் நாலைந்து நாள் கிடந்துவிட்டன. மெதுவாக வளரும் அக்கிருமி அப்பொழுதுதான் தென்பட்டது. விடுமுறையின் பயனுக்கு என் மாணவர்கள் இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை! 1984 இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டன. 2005 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அமிலத்தை அடக்கும் மாத்திரையால் நோவு தணியும். கிருமியோ இருந்தபடியே இருக்கும். அதனை ஒழிக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வேண்டும். கிருமி உண்டா என்பதை மூச்சுச் சோதனையாலும் மலச் சோதனையாலும் அறியலாம். அது யூரியாவைச் சிதைத்து வாழ்வதால், குறியிட்ட யூரியாவைப் பருகியவரின் மூச்சே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். மூட்டுநோவுக்கு உண்ணும் மாத்திரைகளும் அஸ்பிரினும் புண்ணுண்டாக்கும் மற்றொரு காரணம். எனினும் இதயத்திற்காக அஸ்பிரின் உண்போர் அதனைத் தாமாக நிறுத்துதல் தகாது.

தார்போற் கரிய மலம், இரத்தவாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் இடர், சோகை ஆகியவற்றுள் ஒன்று காணினும் மாத்திரையோடு அமையாது வைத்தியரை நாடுக. உட்காட்டிக் குழாயைச் செலுத்திப் பார்க்க அவர் சொல்லின் அஞ்சவேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பது உண்மையே. அதனைத் தீர்மானிப்பது வைத்தியர் பொறுப்பு. நெஞ்சை அழுத்தும் நோவு வியர்வையுடன் வந்து, கைக்கோ தாடைக்கோ பரவுமாயின், அதனைக் கஸ்ரிக் என்று கொள்ளாது உடனே வைத்தியசாலைக்கு விரைக.

இன்னொன்று. அமிலம் அடக்கும் மாத்திரைகளை இரு வாரமும், நுண்ணுயிர்க்கொல்லிகளை நான்கு வாரமும் விட்டிருந்தாலன்றி மூச்சுச் சோதனை பொய்த்துப்போகலாம். ஆகவே வைத்தியரிடம் செல்லும்போது, உண்டுவரும் மாத்திரைகளின் உறைகள் அனைத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள். எதனை எப்பொழுது நிறுத்துவது என்பதை அவரே கூறுவார்.