சுவரில் மாட்டிய பயணம்

திருச்செந்தூருக்கோ பழனிக்கோ போய் வருகிறவர்கள் விபூதியோடு, சுருட்டிய சாமி படம் ஒன்றும் வாங்கி வருவார்கள். சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டுவார்கள். அப்படி வந்த படங்களில் பல, நம் சிவகாசியில் அச்சானவை.

அவற்றில் எத்தனையோ படங்களின் மூலத்தை வரைந்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். அந்த நாடகத் திரையின் தூணும் மண்டபமும் அவருடைய சாமி படங்களின் பின்னாலும் தெரியும். கூர்ந்து பாருங்கள்.

எங்கள் ஆச்சி வீட்டில் ஒரு மீனாட்சி கல்யாணப் படம். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போனபோது வாங்கியது. வெள்ளிதோறும் வைத்த சந்தனமும் குங்குமமும் அம்மன் நெற்றிக்கு நேரே கண்ணாடியில் தடித்து ஒட்டியிருக்கும். ஒருநாள் கழற்றித் துடைத்தபோது பின்பக்கத்தைப் பார்த்தேன். போன தேதி, கூட வந்தவர்கள் பெயர், பஸ் கட்டணம் எல்லாவற்றையும் தாத்தா பென்சிலால் எழுதியிருந்தார்! எனக்குப் படத்தைவிட அந்த அட்டைதான் பெரிது.

நீங்களும் எழுதி வையுங்கள். ஒரு சங்குமாலை வாங்கினாலும், தஞ்சாவூர்த் தட்டு வாங்கினாலும், எங்கே, யாரோடு என்று இரண்டு வரி. வெயில் விழும் சுவரில் மட்டும் படத்தை மாட்ட வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்துப்போகும்; சாமி முகத்தில் நீலம்தான் மிஞ்சும். சுவரில் ஓதம் இருந்தால் சட்டத்தின் பின்னால் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டுங்கள். காற்று போய்வரும்.