மாத்திரையும் துஆவும்

(ரமளானுக்கு முந்தைய ஜும்ஆ உரையின் சுருக்கம்)

 

ரமளான் நெருங்கும்போதெல்லாம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து சிலர் ஒரே கேள்வியுடன் நம்மிடம் வருகின்றனர்: "ஹஜ்ரத், மனநோய்க்கு உண்ணும் மாத்திரையை நோன்பு மாதத்தில் நிறுத்தலாமா?" சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு கேட்ட ஓர் இளைஞரிடம், "அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டு நோன்பு வையுங்கள்" என்று மட்டும் கூறி அனுப்பிவிட்டோம். அவர் மாத்திரையை நிறுத்தினார். பத்தாம் நோன்பன்று உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை வீட்டார் தக்க நேரத்தில் காப்பாற்றினர். அப்பிழையில் நமக்குப் பங்குண்டு.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவரை ஈமான் குறைந்தவர் என்று நாம் கூறுவதில்லை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு அனுமதியே அளித்தார்கள். மனநோய்க்கு மட்டும் தாயத்து போதும் என்று நாம் எங்கே கற்றோம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் கருகினர். மாண்டவர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் அன்புள்ள குடும்பத்தாரே.

மாத்திரையே தற்கொலைக்குத் தூண்டும் என்றொரு அச்சமும் உலவுகிறது. அதில் ஒரு பகுதி உண்மை. மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் தொடங்கும் ஆரம்ப வாரங்களில் சிறுவர், இளவயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் எச்சரித்தது. 2007-இல் அவ்வெச்சரிக்கையை 24 வயது வரை விரிவுபடுத்தியது. மனம் தெளியச் சில வாரங்களாகும்; உடலில் சுறுசுறுப்பு அதற்கு முன்பே திரும்பிவிடலாம். ஆகவே அந்நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். படபடப்போ தூக்கமின்மையோ மிகுந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அச்சங்கொண்டு மாத்திரையைத் தூக்கியெறிவது இதனினும் பெரிய ஆபத்து. லித்தியம் போன்ற மருந்து தற்கொலையைக் குறைக்கிறது என்பதும் ஆய்வில் கண்ட உண்மையே. ஆனால் நோன்பில் உடலின் நீர் வற்றினால் அதே லித்தியம் இரத்தத்தில் மிகுந்து நஞ்சாகலாம். அதை உண்பவர் தாமாக நோன்பு வைக்கவும் வேண்டாம், தாமாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது, வெட்கப்பட ஏதுமில்லை.

மாத்திரை அட்டைகளை வீட்டில் பொறுப்பானவர் பூட்டி வைத்து, அன்றன்றைக்குரியதை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அவ்வெண்ணம் பிறந்துவிடாது. நள்ளிரவானாலும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

ஓதிப்பார்க்க வருபவர்களுக்கு நாம் இனியும் ஓதுவோம். வரும்போது மருத்துவரின் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். அந்த இளைஞர் இப்போது மருத்துவரின் சொற்படி நோன்பை விட்டு, ஃபித்யா கொடுத்து வருகிறார். தராவீஹுக்குத் தவறாமல் வருகிறார்.